ரோமில் கைகொடுத்த வேலூர் வங்காளம்

மழை பெய்யும்போது ரோமின் பாந்தியானுக்குள் இருக்க வேண்டும் என்று பயணம் போய் வந்தவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட அந்தக் கோயிலின் குவிமாடத்து உச்சியில் 9 மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டத் திறப்பு இருக்கிறது. அதன் வழியாக இறங்கும் மழை தரையில் விழுந்து, எளிதில் கண்ணில் படாத சிறு துளைகள் வழியே வடிந்துபோகிறது. 2025 மே மாதக் கடைசியில் நானும் மனைவியும் பதினொரு வயது மகளும் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம். வாசலுக்கு வந்த பிறகுதான், அதே மழையில் விடுதி வரை நடக்க வேண்டும் என்பது உறைத்தது. குடைகளை வீட்டிலேயே விட்டு வந்திருந்தோம். தூண்களுக்கு நடுவே தயங்கி நின்ற அரை நிமிடத்துக்குள் ஒருவர் எங்கள் முன் வந்து நின்றார். ஒரு கையில் ஏழெட்டு மடக்குக் குடைகள், இன்னொரு கையில் விரித்துப் பிடித்த ஒன்று. நாங்கள் உள்ளே போனபோது இதே மனிதர் இதே இடத்தில் செல்ஃபி குச்சி விற்றுக்கொண்டிருந்ததாக மகள் பிறகு சொன்னாள்.

"இண்டியா? நமஸ்தே!" என்று தொடங்கி அவர் இந்தியில் நாலைந்து வாக்கியம் பேசினார். எங்கள் மூவருக்கும் இந்தி தெரியாது. ஆங்கிலத்தில் விலை கேட்டதற்கு, ஒன்று 10 யூரோ என்றார். அன்றைய கணக்கில், நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்குச் சற்றே குறைவு. மகள் நனைந்துகொண்டிருந்தாள், பேரம் பேசும் இடமாக அது தெரியவில்லை. இரண்டு குடைகள் வாங்கிக்கொண்டு நடந்தோம். முப்பது அடி தள்ளி, ஒரு முதிய ஜெர்மானியத் தம்பதி அதே குடையை இன்னொருவரிடம் 5 யூரோவுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரவு விடுதிக்குத் திரும்பும் வழியில் காற்று ஒரு வீசு வீசியதும் என் குடையின் கம்பிகளில் இரண்டு மடங்கித் தொங்கின.

மறுநாள் காலை வெயில் பளிச்சென்று இருந்தது. அதே சதுக்கத்தில் அவர் கழுத்துச் சால்வைகளோடு நின்றார். உடைந்த குடையைப் பையில் வைத்திருந்த நான், கோபத்தில் என்ன மொழியில் பேசுகிறோம் என்று யோசிக்காமல், "ஏட்டா பேங்கே கேச்சே, பாய்" என்று நீட்டினேன். இது உடைந்துவிட்டது என்று பொருள். அவர் குடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இந்தி தெரியாத இந்தியனின் வாயில் வங்காளம் வந்ததை அவரால் நம்ப முடியவில்லை.

இதற்குக் காரணம் சொல்ல வேண்டும். என் அப்பா வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பக்கத்தில் பதினான்கு அறைகள் கொண்ட ஒரு லாட்ஜ் நடத்தினார். இப்போது தம்பி நடத்துகிறான். அந்தப் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. காந்தி ரோட்டில் தடுக்கி விழுந்தால் வங்க எழுத்துப் பலகையின் மேல்தான் விழ வேண்டும். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். மண்ணெண்ணெய் அடுப்பில் தாங்களே மீன் குழம்பு வைத்துக்கொள்வார்கள். டோக்கன், ரத்தப் பரிசோதனை, ரிவியூ என்று எல்லாவற்றுக்கும் லாட்ஜ்காரனைத்தான் கேட்பார்கள். பள்ளி விட்டு வந்ததும் கவுன்டரில் உட்காரும் பையனுக்கு அறுபது எழுபது வாக்கியம் ஒட்டிக்கொள்ளாமல் எப்படி இருக்கும்? வந்தவர் இந்தப் பக்க வங்காளியா, அந்தப் பக்க வங்காளியா என்பதை அப்பா பாஸ்போர்ட் பார்க்காமலேயே பெரும்பாலும் சொல்லிவிடுவார். தண்ணீரை 'ஜொல்' என்று கேட்டால் கொல்கத்தா, 'பானி' என்று கேட்டால் டாக்கா என்பது அவருடைய கணக்கு. வங்கதேசத்து இந்துக்களோ மேற்கு வங்க முஸ்லிம்களோ வந்தால் மட்டும் அந்தக் கணக்கு இடிக்கும்.

குடைக்காரருடைய ஊர் மாதாரிப்பூர். ரோமில் வாழும் வங்கதேசத்தவர்களில் பலர் மாதாரிப்பூர், ஷரியத்பூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் என்பதை நான் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். வேலூர் என்று சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பை விவரிக்க வேண்டியதில்லை. 2019இல் தன் தாயை அழைத்துக்கொண்டு காட்பாடியில் இறங்கி, பாபு ராவ் தெருவில் ஒரு லாட்ஜில் நாற்பது நாள் தங்கியவர் அவர். தங்கியது எங்கள் லாட்ஜில் அல்ல என்பதை ஒரு குற்றம் போலச் சொன்னார். உடைந்த குடையை வாங்கிக்கொண்டு, குப்பைத் தொட்டிக்குப் பின்னாலிருந்த பையிலிருந்து புதுக் குடை ஒன்றை எடுத்து, நாலு முறை விரித்து மடக்கிச் சோதித்துக் கொடுத்தார். முந்தின நாள் 10 யூரோ வாங்கியதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "மழையில் வாங்கினால் மழை விலை, தாதா" என்றார். தாதா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். தங்களுக்குள் 'பாய்' என்று அழைத்துக்கொள்ளும் இவர்கள், இந்தியரைக் கண்டால் மரியாதையாக இந்தச் சொல்லுக்கு மாறிக்கொள்கிறார்கள். நம் ஊரில் அதற்கு வேறு பொருள் என்பதைச் சொல்லி அவரைக் குழப்ப எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மூன்று நாள்களில் அவரோடு துண்டு துண்டாகப் பேசியதில் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பது ஓரளவு விளங்கியது. சரக்கு வருவது டெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகே எஸ்குவிலினோ பகுதியில், விட்டோரியோ சதுக்கத்தைச் சுற்றியுள்ள மொத்தக் கடைகளிலிருந்து. அந்தக் கடைகளை நடத்துபவர்களில் சீனர்கள் நிறைய. ஒருவர் எந்த நேரத்திலும் பத்துப் பன்னிரண்டு உருப்படிகளுக்கு மேல் கையில் வைத்துக்கொள்வதில்லை. மீதி ஒரு புதர் மறைவிலோ, நண்பரின் தோள்பையிலோ இருக்கும். காவலர் வந்தால் போவது கையிலுள்ளது மட்டும்தான். உரிமம் இல்லாமல் தெருவில் விற்பவருக்கு இத்தாலியச் சட்டத்தில் 2,500 யூரோவுக்கு மேல் அபராதம் உண்டு, சரக்கும் பறிமுதலாகும். அந்தத் தொகையைக் கட்ட முடிந்தவர் குடை விற்க வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும், காவலருக்கும் தெரியும். ஆகவே நடப்பது பெரும்பாலும் சரக்குப் பறிமுதல்தான். பகலில் சால்வையும் பவர் பேங்கும், மழை வந்தால் குடையும் பிளாஸ்டிக் மழைக்கோட்டும், இருட்டியதும் ஒளிரும் பொம்மையும் என்று ஒரே ஆள் ஒரே நாளில் மூன்று கடை நடத்துகிறார். வானிலைச் செயலியை இவர்களைப் போல உன்னிப்பாகப் பார்ப்பவர்கள் விமான நிலையத்தில்தான் இருக்க வேண்டும்.

இந்த விவரம் தெரிந்த பிறகு விலை கேட்பதில் எனக்கிருந்த எரிச்சல் போயிற்று. மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம் அவர்களுடையது; அப்போது பேரம் பேசிப் பயனில்லை. தூறல் நிற்கப்போகிறது என்று வானம் சொன்னதும் அதே குடை 5 யூரோவுக்கு வரும், நின்றுவிட்டால் 3 யூரோவுக்கும் கொடுப்பார்கள். முதல் விலையைப் பாதியாகக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் விலை படிந்த பிறகு "வேண்டாம்" என்று நகர்வதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள், நம் ஊர்ச் சந்தையில் எடுத்துக்கொள்வதைப் போலவே. குடையை வாங்கும் முன் அங்கேயே இரண்டு முறை விரித்துப் பார்க்க வேண்டும். சில்லறை வைத்திருப்பதும் நல்லது. மகளுக்குச் சால்வை வாங்கியபோது என்னிடம் 50 யூரோ நோட்டு மட்டுமே இருந்தது. மாற்றி வருகிறேன் என்று விற்றவர் நோட்டை வாங்கிக்கொண்டு ஒரு சந்துக்குள் மறைந்தார். "அப்பா, அவ்வளவுதான்" என்றாள் மகள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஏழு நிமிடம் கழித்து மூச்சு வாங்க ஓடி வந்து, ஈரமான ஐந்து யூரோ நோட்டுகளாக ஒன்பதை எண்ணி வைத்தார். அவர் திரும்பியது எனக்கு நிம்மதி என்றாலும், அந்த ஏழு நிமிடம் அவரைத் திருடன் என்று நினைத்ததை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

சால்வை வாங்கியது புனித பேதுரு பேராலயத்துக்காக. தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள். கத்தோலிக்கர்களின் யூபிலி புனித ஆண்டானதால் வரிசை சதுக்கத்தைச் சுற்றி வளைந்து கிடந்தது. கையில்லாத சட்டை போட்டிருந்தவர்களைத் தேடி வரிசையோரமாகவே சால்வைக்காரர்கள் நடந்தார்கள். 5 யூரோ கொடுத்தோம். நம் பெண்கள் ஒரு துப்பட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு போனால் அதுவும் மிச்சம். தண்ணீர் விஷயத்தில் ரோம் இன்னும் தாராளமானது. மூக்கன் என்று பொருள்படும் 'நசோனே' என்ற இரும்புக் குழாய்கள் நகரெங்கும் சுமார் 2,500 இருக்கின்றன. நல்ல குளிர்ந்த குடிநீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். காலி பாட்டில் ஒன்று இருந்தால் போதும். அப்படியிருந்தும் கொலோசியம் வாசலில் உறைந்த தண்ணீர் பாட்டிலை ஒரு பையனிடம் வாங்கினேன். வெயில் அப்படி.

ரோஜாப்பூ விஷயத்தில்தான் நான் சறுக்கினேன். திராஸ்தேவெரே என்ற பகுதியில் இரவு உணவுக்குத் தெருவோர மேசையில் உட்கார்ந்திருந்தோம். கையில் ஒரு கொத்து ரோஜாவோடு வந்த ஒருவர், மனைவியிடம் ஒரு பூவை நீட்டி, "கிஃப்ட், கிஃப்ட்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே வாங்கி மேசையில் வைத்துவிட்டாள். அவர் அடுத்த மேசைக்குப் போய், இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, என்னைப் பார்த்து "சம்திங், பாஸ்" என்றார். நான் பூவைத் திருப்பி நீட்டினேன், அவர் வாங்கவில்லை. 2 யூரோ கொடுத்தேன்; 5 கேட்டார். சுற்றியிருந்தவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள், பரிமாறுபவர் வந்து அவரைக் கடுமையாக விரட்டினார், நானோ அவமானத்தில் 5 யூரோ நோட்டை அவர் கையில் திணித்தேன். அந்தச் சாப்பாட்டின் ருசி எங்கள் மூவருக்கும் நினைவில் இல்லை. இந்த வித்தைக்கு மருந்து ஒன்றுதான்: நீட்டப்படும் எதையும் கையில் வாங்கக் கூடாது. பூவோ, கயிறோ, பறவைக்கு இரையோ, கை தொட்டால் வியாபாரம் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே கண்ணைப் பார்த்து ஒரு முறை தெளிவாக மறுத்துவிட வேண்டும். பலர் செய்வதைப் போல, முன்னால் ஒரு மனிதர் நிற்பதே தெரியாத பாவனையில் பேச்சைத் தொடர்வது பலன் தருவதில்லை. கவனிக்கவில்லை என்று நினைத்து இன்னும் நெருங்கி வருவார்கள். நான் "லாக்பே நா, பாய்" என்று சொல்லப் பழகினேன். தேவைப்படாது என்று அர்த்தம். பத்தில் ஒன்பது பேர் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். பத்தாவது ஆள் நின்று ஊர் விசாரித்தார்.

ரோஜாக்காரர் மேல் எனக்கிருந்த கோபத்தைக் குடைக்காரரிடம் சொன்னேன். அவர் தன் நாட்டுக்காரருக்காக வாதாடவில்லை. "மேசைக்கு மேசை பூ எடுத்துப் போவது கஷ்டமான வேலை, அதைச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை" என்று மட்டும் சொன்னார். புதிதாக வந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் பூ கிடைக்கிறதாம். முதல் நாள் கடனாகக் கொடுத்து, இரவு கணக்குப் பார்ப்பார்களாம். விற்காத பூ விற்றவன் தலையில்.

எல்லாத் தெரு வியாபாரிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவது சுற்றுலாக் குழுக்களில் வழக்கம். அது தவறு என்பதோடு, நமக்கே நஷ்டமும் கூட. தரையில் வெள்ளைத் துணி விரித்துப் பிரபல நிறுவனப் பெயர் பொறித்த கைப்பைகள் விற்பவர்கள் நான் பார்த்தவரை பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்கர்கள். அந்தப் பைகள் போலி. இத்தாலியில் போலிப் பொருளை விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் 7,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது என்பதை நம்மவர்கள் பலர் அறியவில்லை. குடைக்கும் சால்வைக்கும் அந்த ஆபத்து கிடையாது; ஆனால் பிரபலக் கண்ணாடி, கைக்கடிகாரம் என்று யார் நீட்டினாலும், அவர் எந்த நாட்டவராக இருந்தாலும், தொடாமல் நகர்வது நல்லது. ஜேப்படிக்காரர்கள் முற்றிலும் வேறு கூட்டம். நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று பிழைக்க வேண்டியவர் வாடிக்கையாளரின் பையில் கை வைத்தால் மறுநாள் அங்கே நிற்க முடியாது. கொலோசியம் மெட்ரோ வாசலில், மனைவியின் தோள்பை ஜிப் திறந்து கிடப்பதைச் சைகை காட்டி எச்சரித்ததே ஒரு பவர் பேங்க் வியாபாரிதான்.

நாங்கள் செய்த இன்னொரு தவறு படம் எடுத்தது. இருட்டிய பின் நவோனா சதுக்கத்தில், ரப்பர் கவணில் மாட்டி மேலே விட்டால் நீல விளக்கோடு சுழன்று சுழன்று இறங்கும் பொம்மையை ஒருவர் விற்றார். பத்துப் பதினைந்து நீலப் பொறிகள் ஒரே நேரத்தில் தேவாலயக் கோபுர உயரத்துக்கு ஏறி இறங்குவது பார்க்க அழகாகத்தான் இருந்தது. மகள் கைப்பேசியை உயர்த்தியதும் அவர் சட்டென்று முகத்தைத் தொப்பியால் மறைத்துக்கொண்டு நகர்ந்தார். குடும்பத்தாருக்குத் தான் உணவகத்தில் வேலை செய்வதாகச் சொல்லி வைத்திருப்பவர்கள் உண்டு. அடைக்கல மனு நிலுவையில் இருப்பவர்களும், காகிதமே இல்லாதவர்களும் உண்டு. அந்தப் படம் எங்கே போய் யார் கண்ணில் படும் என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் இருக்கிறது. மகளிடம் அழிக்கச் சொன்னேன். திரையில் அழித்ததை அவரிடம் காட்டியும் வந்தாள். பிறகு அந்தப் பொம்மையை 3 யூரோவுக்கு வாங்கினோம். இரண்டாவது ஏவலில் அது ஒரு பால்கனியில் போய்த் தங்கிவிட்டது.

நாலாம் நாள் மதியம் தோர்ப்பிஞ்ஞாத்தாரா என்ற பகுதிக்குப் போய்ச் சாப்பிடச் சொல்லி வழி காட்டியவரும் குடைக்காரர்தான். டெர்மினிக்குப் பக்கத்திலிருந்து கசிலினா சாலையோடு ஒரு மஞ்சள் நிறச் சின்ன ரயில் போகிறது. ஐந்து நிமிடத்தில், போர்த்தா மஜ்ஜோரே என்ற பழைய நகர வாயிலைத் தாண்டியதும், பந்தனெல்லா என்ற முன்னாள் பாஸ்தா ஆலைக் கட்டடத்தைக் கடக்க வேண்டும். இப்போது அதில் அடுக்குமாடி வீடுகள். இத்தாலியில் வங்கதேசத்தவரின் வரலாறு ஒரு வகையில் அங்கேதான் தொடங்குகிறது. 1990இல் மார்த்தெல்லி சட்டம் என்று அழைக்கப்படும் சட்டம், ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஆவணம் கொடுத்தது. அந்தச் செய்தி பரவி ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் வங்கதேசத்தவரும் பாகிஸ்தானியரும் ரோமுக்கு வந்தார்கள். தங்க இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் கைவிடப்பட்ட அந்த ஆலைக்குள் குடியேறினார்கள். 1991 ஜனவரியில் அவர்களை வெளியேற்றினார்கள். அதே கசிலினா சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி, தோர்ப்பிஞ்ஞாத்தாராவில், இன்று மளிகைக் கடை, பணம் அனுப்பும் கடை, முடிதிருத்தகம், மிட்டாய்க் கடை என்று வங்க எழுத்துப் பலகைகள் வரிசையாக இருக்கின்றன. இரவு வெகுநேரம் திறந்திருக்கும் சிறு மளிகைக் கடைக்கே ரோமானியர்கள் 'பங்ளா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அங்கே ஒரு சிறிய கடையில் ரூய் மீன் குழம்பு, பருப்பு, கடுகெண்ணெயும் வறுத்த மிளகாயும் போட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு போர்த்தாவோடு சோறு சாப்பிட்டோம். நாள்கணக்கில் பீட்சா தின்ற பிறகு சோற்றைப் பார்த்த மகளின் முகம் ஒரு தனிக் காட்சி. மூவருக்கும் சேர்த்து 22 யூரோ. கொலோசியத்தின் எதிரே ஒருவர் சாப்பிடவே அவ்வளவு ஆகியிருக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களும் கவலைப்பட வேண்டாம், பருப்பும் இரண்டு வகைக் காய்களும் உண்டு. ஆனால் பருப்பிலோ கீரையிலோ மீன் தலை கிடக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்படி வந்தீர்கள் என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாத கேள்வி அது என்று லாட்ஜ் கவுன்டரில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். என்ன நோய் என்று வந்தவரிடம் நாங்களாகக் கேட்பதில்லை, அவர்களாகச் சொல்வார்கள். கடைசி நாள் அவராகவே சொன்னார். டாக்காவிலிருந்து துபாய், அங்கிருந்து லிபியா, பிறகு படகு. தலால் என்று அவர்கள் சொல்லும் தரகருக்குக் கொடுத்தது வங்கதேசப் பணத்தில் 12 லட்சம்; நிலத்தில் பாதி போயிற்று. 2024இல் கடல் வழியாக இத்தாலி வந்தவர்களை நாடு வாரியாகக் கணக்கெடுத்தால் வங்கதேசத்தவரே முதலிடம். முறையான வழி இல்லாமல் இல்லை. ஆண்டுதோறும் இத்தாலி ஒதுக்கும் வேலை விசாக்கள் 2023 முதல் 2025 வரையிலான மூன்றாண்டுகளுக்கு மட்டும் நாலரை லட்சத்துக்கும் மேல். ஆனால் அந்த வரிசையிலும் தரகர்கள் நின்று கொள்ளை விலை வைக்கிறார்கள், விசாவில் வந்து இறங்கிய பின் வேலை தருவதாகச் சொன்ன முதலாளி காணாமல் போவதும் நடக்கிறது. 2022 ஜனவரியில் லம்பெதுசா தீவை நோக்கி வந்த ஒரு படகில் ஏழு வங்கதேசத்தவர்கள் குளிரில் விறைத்து இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு வந்தவர் இவர். அடைக்கல மனு போட்டிருக்கிறார். மனு முடியும் வரை ஊருக்குப் போக முடியாது.

பிறகு கைப்பேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். தாயின் சி.எம்.சி. சீட்டு, ஓரத்தில் மடிப்பு விழுந்து, மருத்துவமனை எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ரிவியூவுக்குப் போக வேண்டிய நாள் கடந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்த பிறகு இந்திய விசா கிடைப்பது மிகவும் அரிதாகியிருந்தது; மருத்துவ விசாவுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. காந்தி ரோடு லாட்ஜ்களில் அறைகள் பூட்டிக் கிடப்பதைத் தம்பி சொல்லி நான் கேட்டிருந்தேன், அதன் மறுமுனை பாந்தியான் சதுக்கத்தில் சால்வையோடு நிற்கும் என்று நினைத்ததில்லை. சில பிரிவுகள் ராணிப்பேட்டை வளாகத்துக்கு மாறிவிட்டதால், பழைய கட்டடத்துக்குப் போய் அலைய வேண்டாம் என்பதை மட்டும் சொல்ல முடிந்தது. தம்பியின் எண்ணைக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மாதாரிப்பூரிலிருந்து அவருடைய அக்கா கணவர் தம்பியிடம் பேசி, விசா விண்ணப்பத்தோடு வைக்க மருத்துவமனையிடம் எந்தக் கடிதம் கேட்க வேண்டும் என்று விசாரித்தாராம். அவர்கள் இன்னும் வரவில்லை.

ரோமுக்குப் பிறகு போன வெனிசில், தங்கியது தரைப்பக்கம் உள்ள மெஸ்த்ரேயில். தீவுக்குள் விடுதி விலை கட்டுப்படியாகவில்லை. வங்கதேசத்தவருக்கும் அதே காரணம்தான் போலிருக்கிறது, ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள தெருக்களில் அவர்கள் கடைகள் நிறைய. அவர்களில் பலர் தெருவில் விற்பவர்கள் அல்லர், மார்கேராவில் உள்ள கப்பல் கட்டும் தளத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இங்கிருந்து ரயிலில் எட்டும் தூரத்திலுள்ள மோன்ஃபல்கோனே நகரிலும் அதே தொழில், அதே மக்கள். அங்கே நகராட்சி 2023இல் அவர்களுடைய தொழுகைக் கூடங்களுக்குத் தடை போட்டது; கிரிக்கெட் விளையாடுவதையும் தடுத்திருக்கிறது. புனித மாற்கு சதுக்கத்தில் புறாவுக்கு இரை என்று யாராவது தானியத்தைக் கையில் கொட்டினால் வாங்க வேண்டாம். அந்த விற்பனை 2008லேயே தடை செய்யப்பட்டது, இரை போடுபவருக்கும் அபராதம் உண்டு.

பாரிசில் ஈபிள் கோபுரத்தடியில் குட்டிக் கோபுரங்களை வளையத்தில் கோத்து விற்பவர்களைப் பார்த்துவிட்டு, கடைசி நாள் மாலையில் லாச்சப்பலுக்குப் போனோம். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த அந்தத் தெருவில், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அடுக்கிய ஒரு மளிகைக் கடையில் இடியப்பமாவு வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். பிளாஸ்டிக் வாளியில் ரோஜாக்களோடு ஒரு வங்கதேசத்துப் பையன் உள்ளே வந்து, கைப்பேசி ரீசார்ஜ் அட்டை கேட்டான். திராஸ்தேவெரே நினைவில் நான் ஒரு அடி விலகி நின்றதைக் கடைக்காரர் கவனித்துவிட்டார்.

"தம்பி, எண்பத்தஞ்சில நான் இஞ்ச வந்து இறங்கேக்க என்ர முதல் வேலை இதுதான்" என்றார். "பின்னேரம் பூவோட வெளிக்கிட்டா, விடியப்புறம் ரெண்டு மணிக்குத்தான் அறைக்குத் திரும்புறது. ஒரு ரெஸ்டோறன்ட்டில கழுத்தில பிடிச்சு வெளியில விட்டா, அடுத்ததுக்குள்ள போறது. அந்த நேரம் ரோசாப்பூ விக்கிறவன் எண்டாலே தமிழன் எண்டுதான் இஞ்ச சொல்லுவாங்கள்."

பையன் அட்டையை வாங்கிக்கொண்டு திரும்பியதும், அவர் பிரெஞ்சு மொழியில் ஏதோ சொல்லி அவனை நிறுத்தினார். வாளியிலிருந்து ஒரு பூவை எடுத்து, ஓரம் கறுத்துப்போன வெளி இதழ்கள் மூன்றை நகத்தால் கிள்ளிக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார். பூ சற்றுச் சிறுத்து, அப்போதுதான் மலர்ந்தது போல ஆயிற்று. காய் நறுக்கும் கத்தியை எடுத்துத் தண்டின் அடியைச் சாய்வாகச் சீவி, மறுபடியும் வாளியில் நட்டு, அடுத்ததை எடுத்தார். பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாளியைத் தரையில் வைத்து, தானும் ஒரு பூவை எடுத்து இதழைக் கிள்ளத் தொடங்கினான்.